அளவு தவறிய அலுமினியம்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் எங்கள் ஊரில் லேத் பட்டறை நடத்தி வருகிறார். அண்மையில் அங்குச் சென்றிருந்தபோது, தொழில் பழகும் இளைஞன் ஒருவன் தலைகவிழ்ந்து நின்றிருந்தான். 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் 40 மில்லிமீட்டர் நீளத்திற்கு வெட்ட வேண்டிய நீள்துளையை 44 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டானாம். இரும்பாயினும் அலுமினியமாயினும், வெட்டிய பின் வருந்திப் பயனில்லை.

பட்டறைக்காரர் கடிந்துகொள்ளவில்லை. “வாருங்கள் ஹஜ்ரத், இதைச் சரிசெய்வதைப் பாருங்கள்” என்றார். டிக் வெல்டிங் எனப்படும் இம்முறையைப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்றே அழைக்கின்றனர்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் தோலாகப் படிந்திருக்கும் ஆக்சைடு உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். உள்ளே நீராகிவிட்ட பின்னும் மேலே தோல் கலையாது நிற்கும். மேலும், இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்கும் குணமும் இதற்கில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒழுகிவிடும்.

ஆகவே, முதல் வேலை துப்புரவே. அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தார். பின்னர், அலுமினியத்திற்கென்றே தனியே வைத்திருக்கும் எவர்சில்வர் கம்பித் தூரிகையால் தேய்த்தார். இரும்பைத் தேய்த்த தூரிகை இதற்கு ஆகாது. துளையின் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கி, தகட்டைச் சற்றே சூடேற்றிக்கொண்டார்.

முகமூடி அணிந்து மின்பொறியை எழுப்பினார். டங்ஸ்டன் முனை 3,400 டிகிரி வரை உருகாது. ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாது. மாறுதிசை மின்னோட்டத்தின் ஒரு பாதி ஆக்சைடுத் தோலை உடைத்து விலக்க, மறு பாதி உலோகத்துக்கு வெப்பத்தை மிகுதியாக ஏற்றுகிறது. உருகிய இடம் கண்ணாடிபோல் மின்னியதும், நிரப்புக் கம்பியைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தார். முடிக்கையில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தார். சட்டென்று நிறுத்தினால் அவ்விடத்தில் விரிசல் விழுமாம். தேவைக்கு மேல் உலோகத்தை ஏற்றி, ஆறிய பின் அளவாக மீண்டும் வெட்டுவித்தார். வெட்டியவன் அதே இளைஞன்தான். இம்முறை மும்முறை அளந்த பின்னரே கை வைத்தான்.

வேலை முடிந்தபோது பழுதிருந்த இடமே புலப்படவில்லை. “இனி யாருக்கும் தெரியாது பாய்” என்று மகிழ்ந்தான் இளைஞன்.

“தெரியாது என்பதனால்தான் தம்பி, நாம் சொல்லியாக வேண்டும்” என்றார் அவர்.

காரணம் உண்டு. அத்தகடு 6061-டி6 என்னும் கலவை. வெப்பத்தால் பதப்படுத்திப் பெற்ற அதன் வலிமை, பற்றவைத்த இடத்தையொட்டி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். கண்ணுக்கு முழுமை, சுமைக்கோ குறை. 7075 போன்ற கலவையாயின் விரிசல் காணும். அதனை இம்முறைக்கு எடுப்பதே இல்லை.

பொருளுக்கு உரியவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் கூறினார். இயந்திரத்தின் மூடியைத் தாங்கும் தகடுதான், பெரும் சுமை இல்லை என்றறிந்த பிறகே, கூலியைக் குறைத்துக் கொடுக்க இசைந்தார். சுமை தாங்கும் உறுப்பாயின் தம் செலவில் புதிதாகச் செய்து தந்திருப்பாராம். இளைஞனின் சம்பளத்தில் கை வைக்கவில்லை.

கொடுக்கல் வாங்கல் பாடத்தை நான் கரும்பலகையில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அன்று அதனை ஒரு பட்டறையில் கேட்டுத் திரும்பினேன்.