நாத்தவறும் பீப் ஒலியும்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர்களைப் பார்ப்போரிடையே ஒரு விநோதமான விவாதம் நெடுங்காலமாக ஓயாமல் நடந்து வருகிறது. விவாதத்துக்குப் பொருள் அத்தொடர்கள் அல்ல. படப்பிடிப்பின்போது நடிகர்கள் வசனம் மறந்து, சிரிப்பை அடக்கமாட்டாமல் தடுமாறிய துண்டுகளே அதற்குப் பொருள். இவற்றுக்கு அந்நாட்டார் ‘புளூப்பர்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். குப்பையில் எறிய வேண்டிய இத்துண்டுகளை ஒட்டிச் சேர்த்துத் தனிக் காட்சியாக வெளியிடுவதும், மூலத் தொடருக்குக் குறையாத ஆவலுடன் ஜனங்கள் அதைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. வசனம் மறந்த நடிகர் வாயிலிருந்து அடுத்து வருவது என்ன? பெரும்பாலும் ஒரு கெட்ட வார்த்தை. இங்கேதான் பார்ப்போர் கட்சி பிரிகின்றனர்.

ஒரு கட்சியார் மனம் நோகின்றனர். ‘பிரெண்ட்ஸ்’ என்ற தொடர் 1994 முதல் 2004 வரை பத்து வருஷம் நடந்தது. அதைக் குழந்தை குட்டிகளுடன் உட்கார்ந்து பார்த்த ஒரு குடும்பஸ்தர், அதே இனிய முகம் வாய்க்கு வந்தபடி வைவதைக் கேட்டுத் திடுக்கிடுகிறார். மற்றொரு கட்சியாருக்கோ அதுவே ஆனந்தம். ‘அவரும் நம்மைப் போன்றவர்தாம்’ என்று கைதட்டுகின்றனர். மூன்றாவது கட்சியும் ஒன்றுண்டு. வார்த்தையைப் பற்றி இவர்களுக்குப் புகார் இல்லை. வார்த்தையை மறைக்கப் போடும் ‘பீப்’ ஒலியைப் பற்றியே புகார்.

முதற் கட்சியாரைப் பட்டிக்காட்டு மனப்பான்மையினர் என்று பரிகசிப்பது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. அந்தப் பரிகாசத்தில் நாம் சேர மாட்டோம். வீட்டுக் கூடத்தில் எது ஒலிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவ்வீட்டாருக்கு உண்டு. ஆனால் அவர்கள் தங்கள் கோபத்தை நடிகர்மீது திருப்புகிறார்களே, அங்கேதான் நியாயம் பிசகுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். 1934 முதல் ஹாலிவுட் படங்களுக்குக் கடுமையான ஒழுக்க விதிகள் அமல் நடத்தப்பட்டன. திரையில் ஒரு சிறு சாபச் சொல்லும் எளிதில் தலைகாட்ட முடியாது. அதே காலத்தில் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார் தங்கள் நடிக நடிகையர் வசனம் தவறிச் சபித்த துண்டுகளையெல்லாம் வருஷந்தோறும் தொகுத்து, கம்பெனிச் சிப்பந்திகளின் விருந்தில் போட்டுச் சிரித்து வந்தனர். ஊருக்கு ஓர் ஒழுக்கம், உள்வீட்டுக்கு வேறு ஒழுக்கம் என்று இதைச் சொல்லலாமா? நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வேலை செய்யும் இடத்தில் வேலைக்காரர் தமக்குள் பேசிக் கொண்டது, அவர்களுக்குள்ளேயே இருந்தது. அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

வஞ்சகம் புகுந்தது அது சந்தைச் சரக்கானபோது. 1950களில் கெர்மிட் ஷேபர் என்பவர் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் நேர்ந்த நாத்தவறுகளை இசைத்தட்டுகளாக்கி விற்றார். புளூப்பர் என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியதற்கு அவரே முக்கிய காரணர். சரக்கு போதாதபோது, நடந்ததாகச் சொல்லப்பட்டவற்றை வேறு குரல்களைக் கொண்டு நடித்துப் பதிவு செய்தும் விற்றார். குழந்தைகளுக்கு ரேடியோவில் கதை சொல்லி வந்த ‘அங்கிள் டான்’ என்பவர், நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக எண்ணிக் குழந்தைகளையே கெட்ட வார்த்தையால் வைதுவிட்டார் என்ற கதை அத்தட்டுகளின் மூலம் நாடெங்கும் பரவிற்று. ஆராய்ந்து பார்த்தவர்கள் அது வெறுங் கட்டுக்கதையென்றே முடிவு செய்திருக்கின்றனர். ஒரு மனிதர் சொல்லாத வசைக்காக, அவர் காலத்துக்குப் பின்னும் ஜனங்கள் அவரை நினைவு வைத்திருக்கின்றனர். இங்கிலாந்தில் 1977-ல் டெனிஸ் நார்டன் கையில் ஒரு குறிப்பட்டையுடன் வந்து இத்துண்டுகளை மிக மரியாதையான முன்னுரையுடன் காட்டத் தொடங்கினார். 2006 வரை அவரே நடத்தினார். அமெரிக்காவில் 1984-ல் என்.பி.ஸி. கம்பெனி இதையே வாராந்தர நிகழ்ச்சியாக்கிற்று. பின்னர் டி.வி.டி. தட்டுகள் வந்தன, தொடருக்கு இலவச இணைப்பாக நாத்தவறும் வீட்டுக்குள் நுழைந்தது.

ஜனங்கள் இதை ஏன் இவ்வளவு விரும்புகின்றனர்? வசைமொழியின் மீதுள்ள மோகம் என்று மட்டும் சொல்லித் தள்ளுவது மேலெழுந்தவாரியான பதில். ஹாஸ்யத் தொடரில் நாம் கேட்கும் சிரிப்பொலி முழுதும் உண்மைச் சிரிப்பல்ல. 1950களிலேயே சார்லஸ் டக்ளஸ் என்ற எஞ்சினீயர், பதிவு செய்த சிரிப்புகளை வேண்டிய அளவில் வேண்டிய இடத்தில் கலக்கும் யந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். நேரில் சபையோரை வைத்துக்கொண்டு எடுக்கும் தொடர்களிலும் ஒரே காட்சியைப் பல தடவை நடிக்கிறார்கள். ஒரே பரிகாசத்துக்கு நான்காம் முறை சிரிக்கும் சபையோரின் நிலை பரிதாபமானது. அந்த வேளையில் நடிகர் நாத்தவறித் தன்னையே வைது கொள்கிறார். சபை குலுங்கிச் சிரிக்கிறது. யாரும் எழுதி வைக்காத பேச்சுக்கு, யாரும் கேட்டு வாங்காத சிரிப்பு. பொய்ச் சிரிப்பின் நடுவே மெய்ச் சிரிப்பைக் கண்ட ஜனங்கள் அதைப் பற்றிக் கொள்வதில் ஆச்சரியம் என்ன?

அந்த வசையும் பெரும்பாலும் பிறர்மீது ஏவப்பட்டதல்ல. பேசும் சக்தியை இழந்த நோயாளிகள் சிலருக்கு வசைச்சொல் மாத்திரம் தங்கு தடையின்றி வருவதை ஆங்கில வைத்தியர் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதினார். கீல் சர்வகலாசாலையார் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பனிநீரில் கையை வைத்துக்கொண்டு வசைச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள் என்று காட்டப்பட்டிருக்கிறது. காலில் சுத்தியல் விழுந்தவன் தேவாரம் பாடுவதில்லை. பத்தாம் முறையும் அதே வரியில் தடுக்கி விழும் நடிகரின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். ஜார்ஜ் கார்லின் என்ற ஹாஸ்யக்காரர், டெலிவிஷனில் சொல்லக்கூடாத ஏழு வார்த்தைகளை 1972-ல் ஒரு மேடைப் பேச்சாக்கினார். அதையொட்டிய அவருடைய மற்றொரு பேச்சை 1973-ல் ஒரு நியூயார்க் ரேடியோ நிலையம் பகல் வேளையில் ஒலிபரப்ப, வழக்கு மேலே சென்று, 1978-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்தது. தகவல் கமிஷன் இத்தகைய பேச்சுக்குத் தண்டனை விதிக்கலாம் என்று ஏற்பட்டது. 2003 ஜனவரியில் ஒரு பரிசளிப்பு விழாவில் பாடகர் போனோ மகிழ்ச்சி மிகுதியால் ஒரு சொல்லை உதிர்த்தார். அது ஆபாசமல்ல என்று கமிஷனின் கீழ் அதிகாரிகள் முதலில் கூறினர். 2004-ல் கமிஷனே அதை மாற்றி, ஒரு கணத்து நாத்தவறும் குற்றமே என்றது. 2006-ல் அபராதத்தின் உச்சவரம்பைப் பத்து மடங்காக்கி 3,25,000 டாலர் என்று வைத்தனர். கடைசியில் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் விதியை மாற்றிவிட்டுத் தண்டிப்பது செல்லாது என்று தள்ளியது. எது குற்றம் என்று சொல்லாமலே குற்றவாளியாக்கும் அதிகாரம் எத்தகையது என்பதை ராஜத்துவேஷச் சட்டத்தின் வரலாற்றை அறிந்த நம்மவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

இந்த பயத்தின் குழந்தைதான் ‘பீப்’. பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு கூரிய ஒலியைச் சொல்லின்மீது ஏற்றி, சில சமயம் வாயையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். ஒழுக்கம் காக்கப்பட்டதா? கேட்பவர் மனத்தில் அவருக்குத் தெரிந்த சொற்களிலேயே மிகக் கொடியது எழுகிறது. ஜிம்மி கிம்மல் என்ற ஹாஸ்யக்காரர், தலைவர்களின் குற்றமற்ற பேச்சுகளில் வேண்டுமென்றே பீப் ஒலியைச் செருகிக் காட்டி வந்திருக்கிறார். சாதுவான வாக்கியமும் ஆபாசமாகிச் சபை சிரிக்கிறது. மூன்றாவது கட்சியாரின் புகாரில் நியாயம் உண்டென்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எதற்கு?

இங்கிலாந்தின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 1976 டிஸம்பர் 1-ந் தேதி, தேம்ஸ் டெலிவிஷன் கம்பெனியின் மாலை நிகழ்ச்சியொன்றில் இளம் பாடகர் கூட்டம் ஒன்று கெட்ட வார்த்தைகளைப் பேசிவிட்டது. பத்திரிகைகள் கொதித்தன. அவர்களைச் சீண்டிவிட்ட மிஸ்டர் பில் கிரண்டி இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். நல்லது. ஆனால் அதே கம்பெனிதான் 1972 முதல் அந்த 1976 வரையில் ‘லவ் தை நெய்பர்’ என்ற ஹாஸ்யத் தொடரை நடத்திற்று. பக்கத்து வீட்டுக் கறுப்பரை வெள்ளையர் ஒருவர் இழிசொற்களால் அழைப்பதே அதன் ஹாஸ்யம். அச்சொற்கள் நாத்தவறி வந்தவையல்ல. எழுதி, ஒத்திகை பார்த்து, அனுமதி பெற்று வந்தவை. ஒரு பீப் ஒலியும் அவற்றின்மீது விழவில்லை.

நமக்கு இன்னும் நெருங்கியதொரு உதாரணம் உண்டு. பி.பி.ஸி. 1974 முதல் 1981 வரை நடத்திய ‘இட் எயின்ட் ஹாப் ஹாட் மம்’ என்ற தொடருக்குத் தொடக்கக் களம் நாசிக்கை அடுத்த தேவலாலி ராணுவ முகாம். அதில் ரங்கி ராம் என்ற இந்தியச் சிப்பந்தியாக, முகத்தில் கரிய வர்ணம் பூசிக்கொண்டு மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் நடித்தார். இந்தியரைக் கோமாளிகளாக்கிய அத்தொடரைக் குடும்பங்கள் கூடியிருந்து பார்த்தன. (தேவலாலி என்ற ஊர்ப் பெயரையே சிதைத்துப் பைத்தியம் பிடித்தவன் என்ற பொருளில் ஆங்கிலேயர் இன்றும் வழங்குகின்றனர், அதை எந்த அகராதியும் கெட்ட வார்த்தை என்று குறிக்கவில்லை.)

பார்ப்போர் இதில் அதிகாரிகளைவிட முன்னேறிவிட்டனர் என்பதே நமக்குத் திருப்தியளிக்கிறது. இங்கிலாந்தின் ஒலிபரப்புக் கண்காணிப்பு ஸ்தாபனமான ஆப்காம், ஜனங்களின் அபிப்பிராயத்தை 2016-லும் 2021-லும் விசாரித்து வெளியிட்டது. சாதாரண வசைச்சொற்களைக் குறித்து ஜனங்களின் கண்டிப்பு தளர்ந்திருப்பதும், நிறத்தையும் இனத்தையும் அங்கஹீனத்தையும் சுட்டி இழிவுபடுத்தும் சொற்களையே அவர்கள் மிகவும் வெறுப்பதும் அவ்விசாரணைகளில் புலனாயின. குழந்தைகள் விழித்திருக்கும் வேளையைக் குறித்த கவலை மட்டும் குறையவில்லை. அது குறையவும் வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. குடும்பத் தொடரின் தட்டை விற்கும் கம்பெனியார், அதில் சேர்த்திருக்கும் நாத்தவறுத் துண்டுகளின் தன்மையை உறையின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சிடட்டும். இங்கிலாந்தில் இரவு ஒன்பது மணிக்கு முன்னும், அமெரிக்காவில் பத்து மணிக்கு முன்னும் காட்ட வேண்டுமானால், வசை விழுந்த துண்டை பீப் போட்டுக் காட்டுவதற்குப் பதில் அடியோடு விட்டுவிடட்டும். சிரிக்கத்தக்க துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அதற்குப் பின் காட்டுவதானால் உள்ளபடியே காட்டட்டும். தம் நாத்தவறுகளை வெளியிடுமுன் நடிகரின் சம்மதத்தையும், லாபமிருந்தால் அவருக்குரிய பங்கையும் கம்பெனியார் ஒப்பந்தத்தில் எழுதட்டும். மனம் நொந்த குடும்பஸ்தர் இனிக் கடிதம் எழுதுவாராயின், அதைக் கம்பெனி டைரக்டர்களின் விலாசத்துக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.