கொத்தனாரிடம் வீட்டை விட்டுவிட்டுப் போகலாமா?

வீட்டில் மராமத்து வேலை நடக்கும்போது, வேலையாட்களைத் தனியே விட்டுவிட்டு நாம் வெளியே போகலாமா, கூடாதா? கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது, நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்" என்பது ஒரு கட்சி. "நம்பித்தானே கதவைத் திறந்துவிட்டோம், அப்புறம் என்ன காவல்?" என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. போகலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் போவதற்கு முன் செய்துவைக்க வேண்டியவை உண்டு. போகவே கூடாத சில மணி நேரங்களும் உண்டு.

எங்கள் சிறு வயதில் புதுச்சேரியில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. ஒரு தெருவுக்கு ஒரு மேஸ்திரி குடும்பம் இருக்கும். தாத்தா காலத்தில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டவரின் மகன், அப்பா காலத்தில் அதே தளத்தின் ஒழுக்கை அடைக்க வருவார். அவருக்கு நம் வீட்டின் உத்திரக் கணக்கும் தெரியும், நம் வீட்டு மனிதர்களையும் தெரியும். இன்று நமக்குத் தெரிந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் அழைத்து வரும் பிள்ளைகள் பீகார், ஒடிசா, வங்காளம் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். நாம் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது. பயத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

நான் முழுக்கப் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று கூச்சப்பட்டே முதல் சில மாதம் வாயைத் திறக்கவில்லை. "கமுக்கமான ஆள், எதையோ மனசில் வைத்திருக்கிறான்" என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லித் திரிந்தார். என் மனசில் இருந்ததெல்லாம் ஆங்கில இலக்கணம்தான்! பேசாமல் தலைகுனிந்து டைல்ஸ் ஒட்டும் வடநாட்டுப் பையனைப் பார்த்து யாராவது "முழியே சரியில்லை" என்றால், எனக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்துவிடும்.

அதற்காகப் பொருள் காணாமல் போவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. போகத்தான் செய்கிறது. பல வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூச்சு வேலை நடந்தது. மூன்றாம் நாள் ஒரு ஜோடி வளையலைக் காணோம். வேலைக்கு வந்திருந்த சித்தாள் பெண்மேல் சந்தேகம் விழுந்தது. அந்த அறைக்குள் மணல் எடுத்துப் போனவள் அவள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. காவல் நிலையம் வரை போனார்கள். ஒன்றும் நிரூபணமாகவில்லை. வளையலும் கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்த வீட்டுக்காரருக்கு இரண்டு பவுன் நஷ்டம். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. யாருக்குப் பெரிய நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வளையல் கழற்றி வைத்த இடத்தில், அலமாரித் தட்டில், திறந்து கிடந்தது. கடைசியாக அதை எப்போது பார்த்தோம் என்றுகூட வீட்டாருக்குத் தெரியவில்லை. வேலை தொடங்கும் முன்பே தொலைந்ததா, பின்பா? சொல்ல ஆளில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணால் தன்மேல் குற்றமில்லை என்று காட்டவே முடியாமல் போயிற்று.

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இரட்டைப் பூட்டு முறை தெரிந்திருக்கும். காப்பறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றது கணக்கரிடமோ பொக்கிஷதாரரிடமோ. இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். இருவரையும் திருடர் என்று நினைத்தா அரசாங்கம் இப்படி வைத்தது? நாளை ஏதாவது குறைந்தால், ஒருவர்மேல் மட்டும் பழி விழக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமும் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. வாடகைக்கு வீடு கொடுக்கும்போது 'எத்தா தெ லியூ' என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். எந்தச் சுவரில் விரிசல், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது வரை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடும். எழுதாமல் குடிபுகுந்தால், வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே அவர்களுடைய குடியியல் சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய விரிசலுக்கும் குடியிருப்பவர்தான் பதில் சொல்ல நேரும். எழுதிவைப்பது அவருக்கும் பாதுகாப்பு.

எங்கள் வீட்டில் குளியலறையை மாற்றிக் கட்டியபோது மேஸ்திரியே முதல் நாள் சொன்னார்: "சார், பீரோ இருக்கிற ரூமைப் பூட்டி, சாவிய நீங்களே வெச்சுக்குங்க. அது எங்களுக்குத்தான் நல்லது." நாற்பது வருஷம் நாலு பேர் வீட்டில் புழங்கிய மனிதரின் பேச்சு அது.

ஆகவே வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் நாம் செய்ய வேண்டியது இது. நகை, பத்திரம், வங்கிப் புத்தகம், மாத்திரை டப்பா, பழைய கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நகையை வங்கி லாக்கரில் வைத்தால் இன்னும் நல்லது. வேலை நடக்கும் அறைகளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக் கூலிக்கு வேண்டிய பணத்தை முன்கூட்டியே உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் பார்க்கப் பீரோவைத் திறந்து எண்ணுவது நமக்கும் அழகில்லை, அவர்களுக்கும் சங்கடம். இவ்வளவும் செய்தபின் தாராளமாகக் கடைக்குப் போங்கள், டாக்டரிடம் போங்கள். மேஸ்திரி இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் போதும்.

எப்போது போகக் கூடாது? மூடப்போகும் வேலை நடக்கும்போது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் பதித்தால், பூசி மூடும் முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். குளியலறைத் தரையில் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். மின்கம்பி எந்த வழியாகப் போகிறது என்று படம் எடுத்து வைக்க வேண்டும். நம்முடையதைப் போன்ற பழைய சுண்ணாம்புச் சுவருக்குக் கொத்தனார் வழக்கம்போல் சிமெண்டைக் குழைக்கத் தொடங்குவார். அந்தக் காலை நேரத்தில் நாம் இல்லையென்றால், சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓரிரு மழைக்காலத்தில் பெயிண்ட் உரியும். சிமெண்டுப் பூச்சாக இருந்தால் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து காவல் காப்பவர் பெரும்பாலும் இந்த நேரத்தில் கண்ணயர்ந்துவிடுகிறார்! அவர் கண் ஆட்களின் கையில் இருக்கிறதே தவிர, வேலையில் இல்லை. போதாக்குறைக்கு நம் வயதில் டைல்ஸ் வெட்டும் தூசியை நாள் முழுக்கச் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சிலர் வெளியே போகும்போது ஆட்களை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். மின்சாரம் தாக்கினாலோ, சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தாலோ, தின்னரில் தீப்பிடித்தாலோ அவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? இரண்டு பவுனுக்குப் பயந்து நாலு உயிரைப் பூட்டுவது எந்த ஊர் நியாயம்? குடிதண்ணீர் வைத்துவிட்டு, சித்தாள் பெண்கள் எந்தக் கழிவறைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் ஊர் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குத் தாவிவிடலாம். பகல் முழுக்க ஆட்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவிட்டு, இரவில் ஏணியைக் கொல்லையில் சாத்தியபடி விட்டு, மாடிக் கதவையும் தாழிடாமல் தூங்கினால் என்ன பயன்? மாலையில் ஏணியைப் படுக்கவைத்துச் சங்கிலி போடச் சொல்லுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, என் பேச்சு அப்படியே பொருந்தாது. அவர்கள் வெளியே போவதைவிட, புது ஆட்களோடு வீட்டில் தனியே இருப்பதுதான் யோசிக்க வேண்டியது. மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட இருக்கும் நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி இல்லாத நாளில் வேலை வேண்டாம் என்று சொல்லுங்கள். இதில் யாரும் மனம் கோண மாட்டார்கள்.

நாற்காலிக் கட்சிக்காரர்கள் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். ஒரு அறையைப் பூட்டினால் மீதி வீட்டை நிம்மதியாகத் திறந்துவிடலாம் என்பதே நான் கண்டது. ஏதாவது குறைந்தால் முதலில் பழி விழுவது சுவர் பூச வந்தவர்மேல்தான். அந்தப் பழிக்கு இடம் வைக்காமல் வீட்டை ஒப்படைப்பது வீட்டுக்காரரின் கடமை.