முதற்குரலை மறந்தோம்

தமிழ்த் திரையுலகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்க்கு நேரம் போவது தெரிவதில்லை. மும்பையாயினும் கொல்கத்தாவாயினும் தில்லியாயினும், தமிழர் நால்வர் கூடுமிடத்தில் பெருநடிகர் இருவருள் எவர் பெரியவர் என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் வாதாடுவோரிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: தமிழ்ப் பேசும்படத்தின் முதல் தமிழ்க்குரல் யாருடையது? பெரும்பாலும் மௌனமே விடையாகிறது. எவரேனும் பெயரைச் சொன்னாலும், ‘முதல் கதாநாயகி’ என்ற இரு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இம்மறதி இயல்பாக நேர்ந்ததன்று. நாமே வளர்த்துக்கொண்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

அப்பெருமாட்டி டி. பி. ராஜலட்சுமி. 1911-இல் பிறந்தவர், திருவையாற்றுக்காரர். அறியா வயதில் மணம் முடிக்கப்பட்டு, அவ்வாழ்வு நிலைக்காமல் தாய்வீடு திரும்பியவர். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்குச் சமுதாயம் ஒதுக்கிய இடம் அடுப்பங்கரையின் மூலை. அவரோ நாடகமேடையைத் தேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் ஊக்கம் பெற்று, சிறுமியாகவே மேடையேறிப் பாடியும் ஆடியும் பெயர் பெற்றார்.

அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம், எச். எம். ரெட்டியின் இயக்கத்தில், அன்றைய பம்பாயில் எடுத்த ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளிவந்தது. அப்படத்தில் கதாநாயகர் தெலுங்கு பேசினார்; கதாநாயகி தமிழ் பேசினார். அப்படியாயின், ‘முதல் தமிழ்ப் பேசும்படம்’ என்று நாம் மார்தட்டும் பெருமையைப் பெரிதும் ஈட்டித் தந்தது எவர் குரல்? வடமொழிப் புலவனின் கதைக்கு நடுவே, மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய காந்தியடிகளின் கைராட்டினப் பாட்டும் ஒலித்தது. அயலார் ஆட்சி நடந்த நாளில் அதைத் திரையில் பாடியவரும் அவரே.

1933-இல் ‘வள்ளி திருமணம்’ கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. அதிலும் அவரே நாயகி. சென்னையில் பேசும்படம் எடுக்கும் படப்பிடிப்பு நிலையம் 1934-இல்தான் தோன்றியது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்மைப் போலவே, தமிழ்ப் பேசும்படமும் வெளியூரிலேதான் கண்விழித்தது. ஆகவே அவரை நினைக்கும் கடமை தமிழ்நாட்டாரைக் காட்டிலும் நமக்கு ஒரு பங்கு கூடுதல்.

நடித்ததோடு அவர் நின்றாரில்லை. தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் புதினத்தை, 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்தார். தென்னகத்தில் படம் இயக்கிய முதற்பெண் என்னும் சிறப்பு அவருக்கே உரியது. பெண் திரையில் தோன்றுவதே பழியெனக் கருதப்பட்ட நாளில், திரைக்குப் பின்னிருந்து ஆணை பிறப்பித்தார் ஒரு பெண். இதனினும் பெரிய சாதனையை எந்த நாயகர் நிகழ்த்தினார்?

“படங்களே கிடைக்கவில்லையே, எதைக் கண்டு போற்றுவது?” என்று வினவுவோர் உளர். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டின் சுருள்களும் இன்று கிடைக்கவில்லை என்பது மெய்யே. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை, நாளடைவில் பொடியாகுபவை, அவற்றிலிருந்த வெள்ளிக்காக அழிக்கப்பட்டவையும் பல. புணேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பெற்றது 1964-இல். ராஜலட்சுமி மறைந்ததும் அதே ஆண்டில். பேணாதது நம் பிழையாயிருக்க, அதற்குத் தண்டனை அவருக்கா? ஓர் ஏட்டுச்சுவடியும் எஞ்சாத முதுநாரையையும் முதுகுருகையும் பற்றி நம் மேடைகளில் மணிக்கணக்கில் முழங்குகிறோமே! கிடைக்காத நூலுக்குக் காட்டும் பரிவைக் கிடைக்காத படத்துக்குக் காட்டினால் தமிழ் குறைந்தா போகும்?

“நடிகையின் கதை சங்க மலருக்கு ஏற்றதா?” என்று முகம் சுளிப்போரும் உளர். அவர்களே மெல்லிசை இரவில் முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டுபவர்கள். கலையை நுகர்வோம், கலைஞரைத் திண்ணையோடு நிறுத்துவோம் என்பது எந்தத் தமிழ்ப் பண்பாடு? நாயகர் பிறந்தநாளுக்குப் பந்தல், நாயகிக்கு ஒரு வரி என்னும் கணக்கைத்தான் நம் பெண்மக்களுக்கு விட்டுச்செல்லப் போகிறோமா? வீட்டுக்கு வெளியே தமிழ் கேளாத ஊரில் வளரும் அக்குழந்தைகளுக்கு, தமிழ்க்குரலொன்று இதே ஊர்களில் எழுந்து ஒரு கலையையே தொடங்கிவைத்தது என்று சொல்லித் தருவதைவிடச் சிறந்த தமிழ்ப்பாடம் எது?

ஆகவே சங்கங்களை நாம் வேண்டுவது மிகுதியன்று. ஆண்டுதோறும் அக்டோபர் 31-ஆம் நாள் மாலையை அவர் பெயருக்கு ஒதுக்குங்கள். பாட்டியர் வைத்துப்போன தகரப்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அந்நாளில் அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமோ விளம்பரத் தாளோ அகப்பட்டால், பழைய தாளெனக் கழித்துவிடாமல் புணேக் காப்பகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். எந்தப் பெட்டிக்குள் எது உறங்குகிறதென்று எவரறிவார்? படத்தைக் கரையானுக்கும் காலத்துக்கும் கொடுத்தோம், பெயரையேனும் காப்போம்.