புது வீடும் பழைய ஒழுங்கையும்



கல்முனைக் கடற்கரைப் பக்கத்தில் அண்மையில் ஒரு தாயைச் சந்தித்தேன். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். வளவு பதினைந்து பேர்ச். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் இளையவர்கள் இருவரும் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. வளவை மூன்றாகப் பிரித்து வீடு கட்ட அனுமதி கேட்டபோது, துண்டு போதாது என்று சொல்லிவிட்டார்களாம். "வாப்பா தந்த வளவு இது. எனக்கு மூன்று பிள்ளை இருக்கிறது சட்டத்துக்குத் தெரியாதா மகள்?" என்று கேட்டார்.

சட்டம் காரணமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், வீட்டுக் காணித் துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச் இருக்க வேண்டும் என்றன. பதினைந்தை மூன்றாகப் பிரித்தால் ஐந்துதான் வரும். பாதைக்கும் இடம் விட வேண்டும். கிணறும் மலசல கூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் குடிதண்ணீர் கெடும். தீப்பிடித்தால் வாகனம் நுழைய இடமிராது.

ஆனால் அந்தத் தாயின் கேள்வியும் நியாயமானதே. கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில்தான் நமது ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. வயலை மூடி வீடு கட்டலாம் என்றால், அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கின்றது. அதுவும் நமது நன்மைக்கே. மாரி வெள்ளம் வடிந்து போக அந்தத் தாழ்நிலம் தேவை. அதை மூடினால் வெள்ளம் நமது குசினிக்குள்தான் வரும்.

இங்கே சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று, பொத்துவில் வரையுள்ள இக்கரையில், முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு என்பது பெண்ணின் சொத்து. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும். மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். 1969 முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தால் பெற்றோர் படும் கடனையும் கண்ணீரையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் இந்த வழக்கத்தினால் தாயும் மகளும், ராத்தாவும் தங்கையும் ஒரே ஒழுங்கையில் வாழ்கிறார்கள். யுத்த காலத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களைத் தாங்கியது அந்த ஒழுங்கைதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமி, அரிசி கடன் தர சாச்சி, இரவில் துணைக்குத் தங்கை. ஒழுங்கை சிதறினால் இவை அனைத்தும் சிதறும்.

அதை நாம் ஒரு முறை கண்டுவிட்டோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில், இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 2005இல் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்தின் பெயரே "65 மீற்றர்" என்றாகிவிட்டது. கடலோரத்து மக்களுக்கு மேற்கே, வயலோரங்களில் வீடுகள் எழுந்தன. அந்த வீடுகள் அவசியமாகவே இருந்தன. கொட்டில்களில் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்குக் கூரை கிடைத்தது.

எங்கள் வீடும் அந்த அலையில் போனது. நான் அப்போது பாடசாலை மாணவி. உம்மாவின் சீதன வளவுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டின் பத்திரத்தில் வாப்பாவின் பெயர் இருந்தது. "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டு, ஓர் அலுவலகத்தில் அப்படி எழுதிக்கொண்டார்கள். உம்மா ஒன்றும் பேசவில்லை. சாச்சிக்கு வேறொரு திட்டத்தில் வீடு கிடைத்தது. வீடுகளை எண்ணிக் கொடுத்தார்கள், உறவுகளை எண்ணவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோதுதான், அன்று உம்மா எதை இழந்தார் என்பது எனக்கு விளங்கியது.

அப்படியானால் அந்தத் தாய்க்கு வழி என்ன? மேலே கட்டலாம். ஆனால் மேல்மாடியைத் தனி வீடாக மகளின் பெயருக்கு உறுதி எழுத வேண்டுமானால், தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வரைபடம் பதியப்பட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் கட்டிவிட்டு, பின்னர் சகோதரிகள் வழக்காடிய கதைகள் உண்டு. ஆகவே அத்திவாரம் போடுமுன் நொத்தாரிசிடமும் நில அளவையாளரிடமும் கேளுங்கள். முதல் மாடியில் பாரம் தாங்குமா என்று படித்த ஒருவரிடம் காட்டுங்கள்.

புதிய வீட்டுத் திட்டமொன்று வருமானால், பட்டியல் முடிவதற்கு முன்பே பெண்கள் சேர்ந்து போய்ப் பேச வேண்டும். ஒரே ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு அடுத்தடுத்து வீடு தரும்படி கேளுங்கள். மருதமுனைச் சகோதரிகள் தறி போட இடம் கேளுங்கள். தறி இல்லாத வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? குசினிக்குப் பின்னால் மறைவான முற்றமும், தண்ணீர் வடியக் கானும் வேண்டும் என்று சொல்லுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அரச அனுமதிப்பத்திரக் காணியில் இருப்போருக்கு ஒரு செய்தி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தில் ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பெண் பிள்ளைக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள்.

அந்தத் தாயும் நானும் மாநகர சபைக்கு மீண்டும் போவதாக இருக்கிறோம். மூன்று துண்டு கேட்கப் போவதில்லை. வளவைப் பிரிக்காமல், கிணற்றைப் பொதுவாக விட்டு, இரு மாடி கட்டும் வரைபடம் ஒன்றுடன் போகிறோம். மூத்த மகள் சம்மதித்துவிட்டாள். "ராத்தா கீழே, தங்கை மேலே, நான் நடுவில் படிக்கட்டில்" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்புக்கும் சட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்பதே எனது ஆசை.