துரு மட்டும் போகட்டும்!

கெமிஸ்ட்ரியில அரியர் வச்சவன் நான். காரணம், 'கரோஷன்' சாப்டர். அதே சாப்டர், தாத்தா வீட்டுக் கொல்லையில ஹெர்குலிஸ் சைக்கிளா சாஞ்சு நின்னுச்சு பாஸ்!

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டுட்டு இருந்தார். "மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன், நான் ரெடி பண்றேன்"னு வீரமா தடுத்துட்டேன். உப்புத்தாளை எடுத்து செயின் கவரைப் பரபரனு தேய்ச்சேன். துரு போச்சு. கூடவே, மஞ்சள் பெயின்ட்ல எழுதியிருந்த தாத்தா பேரோட இனிஷியலும் போச்சு! அது அவரோட அப்பா பேரு. தாத்தா ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார். திட்டியிருந்தாக்கூட தேவலை.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்தான் கைகொடுத்தார். "சாதுவான வைத்தியத்துல ஆரம்பி தம்பி. கேக்கலைன்னாத்தான் முரட்டு வைத்தியம்."

அவர் சொன்னது இதுதான்... முதல்ல ஸ்க்ரூ டிரைவர் முனையால துருவை அழுத்திப் பாருங்க. இரும்பு உள்வாங்கினாலோ, பொரிஞ்சு உதிர்ந்தாலோ அது மேல்துரு இல்ல. மெக்கானிக்கிட்ட காட்டாம ஓட்டாதீங்க.

ஹேண்டில்பார், ரிம் மாதிரி குரோமியம் பூசின இடத்துக்கு, சப்பாத்தி சுத்துற அலுமினியம் ஃபாயில் போதும். கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய்ங்க. குரோமியத்தைவிட அலுமினியம் மெதுவானது. அதனால கீறல் விழாது, துரு மட்டும் கழண்டு வரும்.

துருப்பிடிச்ச இரும்பு நட்டு, போல்ட்டை ராத்திரி வினிகர்ல ஊறப்போடுங்க. காலையில பழைய பிரஷ்ஷால தேய்ச்சு, சமையல் சோடா கலந்த தண்ணியில அலசி, நல்ல தண்ணியில கழுவி, உடனே ஈரம் போகத் துடைங்க. ஈரத்தோட விட்டா சாயங்காலமே புதுத் துரு ஆஜர்! காஞ்சதும் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. ரிம்முல மட்டும் எண்ணெய் வேணாம், பிரேக் கட்டை வழுக்கிடும்.

பெயின்ட் எழுத்து இருக்கிற இடமா? சோப்புத் தண்ணி, மெல்லிய துணி. அவ்வளவுதான். உப்புத்தாளைக் கண்ணுலயே காட்டாதீங்க!

மூணு நாள்ல சைக்கிள் பளிச்! "பெயின்டரைக் கூப்பிட்டு இனிஷியலை எழுதிடலாமா தாத்தா?"னு தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எதுக்குடா பெயின்டரு? அழிச்சவனே எழுது"ன்னு பிரஷ்ஷைக் கையில கொடுத்துட்டார்.

இப்போ தாத்தா தினமும் டீக்கடைக்கு அதுலதான் போறார். அந்த ஒரு எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். அரியரையும் இந்தத் தடவை கிளியர் பண்ணிடுவேன்... நம்புங்க ஃப்ரெண்ட்ஸ்!