விளக்கும் குடமும்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில், பதுளையாயினும் பசறையாயினும் அப்புத்தளையாயினும், விளக்கும் குடமும் இல்லாத லயத்து வீடு கிடையாது. 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இவ்விரண்டும் வாக்குச்சீட்டில் இடம் பெற்றன. 1977-இல் தெரிவான நாடாளுமன்றம், பொதுத்தேர்தல் இன்றியே மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்பதே வினா. ஆம் என்போர்க்கு விளக்கு. இல்லை என்போர்க்குக் குடம்.

விளக்கே வென்றது. வாக்களித்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் ஆம் என்றனர். யாழ்ப்பாணமோ பெருவாரியாகக் குடத்தையே நாடியது. அவசரகால நிலையில் வாக்கெடுப்பு நடந்தது என்றும், அச்சுறுத்தலும் ஆள்மாறாட்டமும் நிகழ்ந்தன என்றும் எழுந்த குறை இன்றும் ஓயவில்லை.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும், மறு ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை இழந்த தோட்டத் தொழிலாளருள் பலர், 1982-லும் நாடற்றவராகவே இருந்தனர். அவர்கள் பறித்த கொழுந்து நாட்டுக்குச் செல்வம் சேர்த்தது; நாட்டின் போக்கைத் தீர்மானிக்கும் நாளிலோ அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்தம் வீட்டு விளக்கும் குடமும் சின்னங்களாயின. அவர் கையில் சீட்டு இல்லை.

1988-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் அக்குறையை நீக்கின. எனினும், மாணவச் செல்வங்களே, ஒரு பாடத்தை மறவாதீர். மக்கள் தீர்ப்பு என்று எவரேனும் முழங்கினால், எத்தனை வாக்கு என்று கேட்குமுன், வாக்காளர் இடாப்பில் யார் பெயர் இல்லை என்று கேளுங்கள்.