பிடியரிசியும் பனிக்கட்டி ஹொக்கியும்

கல்லூரி விழா மலரிலே பழம்பெருமை பேசுதல் மரபு. யானோ அம்மரபினின்றும் சிறிது விலகிப் பணத்தைப் பற்றிப் பேசத் துணிகின்றேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

கிண்ணியாவிலே யான் தமிழ் கற்பிக்கும் பாடசாலையின் உதைபந்தாட்டக் குழுவினர் சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குத் தெரிவாயினர். முழுச் செலவையும் ஏற்பதாக வாக்களித்த தனவந்தர் ஒருவர் கடைசி வாரத்திலே கையை விரித்துவிட்டார். பஸ் கூலி சேரவில்லை. போட்டி எம் பிள்ளைகள் இல்லாமலே நடந்து முடிந்தது. ஆடித் தோற்றிருந்தால் ஆறுதல் கூறியிருப்பேன். ஆடாமலே தோற்ற பிள்ளைகளுக்கு என்ன கூறுவது?

அதன் பின்னரே இந்தியப் பெண்கள் பனிக்கட்டி ஹொக்கிக் குழுவின் வரலாற்றை அறிந்தேன். எங்கள் ஊரிலே பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிக்குள் இடும் ஐஸ்தான். ஆனால், ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகர்ப்புறத்திலே, மாரிகாலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் குளங்கள் உறைந்து ஆடுகளங்கள் ஆகின்றன. அக்குழுவினருட் பெரும்பாலோர் அக்களங்களிலே, பிறர் அணிந்து கழித்த சறுக்குச் சப்பாத்துகளோடு பழகியவர்கள். 2017 இல் பாங்கொக்கில் நடந்த ஆசியச் சவால் கிண்ணப் போட்டிக்குச் செல்லப் பணமின்றி, இணையத்தின் வழியே பொதுமக்களிடம் கையேந்தினர். பனிக்கட்டி ஹொக்கியைக் கண்ணாலும் காணாத பலர் தம்மால் இயன்றதை ஈந்தனர். குழு சென்றது, பிலிப்பீன்ஸ் நாட்டை 4–3 என வென்று தன் முதலாவது சர்வதேச வெற்றியையும் பெற்றது. 2018 இல் கனடாவின் புகழ்பெற்ற வீராங்கனை ஹெய்லி விக்கன்ஹைசர் முதலியோர் ஆட்டக் கருவிகளோடு லடாக்குக்கே சென்று பயிற்சியும் அளித்தனர்.

இம்முறை நமக்குப் புதியதன்று. ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளுக்காகப் பிடியரிசி சேர்த்த வரலாற்றை நாம் அறிவோம். உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து வைத்த தாய்க்கு அப்பாடசாலை தன் பாடசாலையே ஆயிற்று. ஒருவர் கொடுத்தால் அது தருமம். ஊரே கொடுத்தால் அது உரிமை. ஒருவரது பெருங்கொடை விரைவிலே கிடைக்கும் என்பது மெய்யே. அதனை மறுக்க வேண்டுவதுமில்லை. ஆயின் அதனையே நம்பியிருக்கும் குழு அவர் மனம் மாறும் நாளிலே வீதியில் நிற்கும். இதனைக் கண்ணாற் கண்டவன் யான்.

ஆதலின் பழைய மாணவர் முன் நான்கு யோசனைகளை வைக்கின்றேன். முதலாவது, மொத்தத் தொகை கேளாது பொருளின் பெயர் சொல்லிக் கேட்டல்: ஒரு சோடி சப்பாத்து இவ்வளவு, பஸ்ஸில் ஓர் ஆசனம் இவ்வளவு எனக் கூறினால், சிறு சம்பளக்காரரும் ஒன்றை ஏற்க முன்வருவர். இரண்டாவது, அறுவடைக் காலத்திலே வயலுடையோரிடம் ஒரு மரைக்கால் நெல் வேண்டுதல். மூன்றாவது, ஆண்டுதோறும் ஒரு காட்சிப் போட்டி. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பெற்றது; அதன் இரு கரைகளிலுமுள்ள இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்து ஆடினால், நுழைவுச் சீட்டின் பணத்தினும் பெரியதொன்று கிடைக்கும். நான்காவது, கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பணத்தோடு நில்லாது, விடுமுறையில் வரும்போது கருவிகளையும், தாம் கற்ற பயிற்சியையும் கொண்டுவருதல்.

இவை யாவற்றுக்கும் ஆணிவேர் கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. வந்த தொகையும் சென்ற தொகையும் மாதந்தோறும் கல்லூரி அறிவித்தற் பலகையிலே மாணவர் கையெழுத்திலேயே எழுதப்படுக. கணக்குக் காட்டாத குழுவுக்கு இரண்டாம் முறை எவரும் கொடார், கொடுக்கவும் வேண்டா.

விழாவுக்கு அலங்கார வளைவு வேண்டியதே. அது ஒரு வாரத்திலே கழற்றப்படும். அதன் செலவில் ஒரு பங்கேனும் விளையாட்டு நிதிக்கு வித்தாகுமாயின், அடுத்த முறை எம் பிள்ளைகளின் பஸ் புறப்படும். வெல்வதும் தோற்பதும் அவர்கள் பொறுப்பு. களம் வரை கொண்டுசேர்ப்பது நம் பொறுப்பன்றோ?